கந்தமாறன் ஏன் நம்பவில்லை?

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களிடம் அந்நாவலில் வரும் நட்புகளைப் பற்றிக் கேட்டால், பெரும்பாலோர் வந்தியத்தேவனும் அருள்மொழிவர்மனும் இலங்கையில் சந்தித்ததைச் சொல்வார்கள். சேந்தன் அமுதனின் கள்ளமற்ற அன்பைச் சொல்வார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது முறிந்துபோன ஒரு நட்பு. கடம்பூர்ச் சம்புவரையரின் மகன் கந்தமாறனும் வந்தியத்தேவனும் படையில் ஒன்றாக இருந்து பழகியவர்கள். பின்னால் தஞ்சைக் கோட்டையின் சுரங்கப் பாதையில் கந்தமாறன் முதுகில் குத்தப்படுகிறான். குத்தியவன் உடன் வந்த காவலன். அவனிடமிருந்து நண்பனை மீட்டு, தோளில் சுமந்து சென்று, சேந்தன் அமுதனின் வீட்டில் சேர்ப்பவன் வந்தியத்தேவன். ஆனால் பிழைத்தெழுந்த கந்தமாறன் தன்னைக் குத்தியவன் வந்தியத்தேவனே என்று நம்புகிறான். நம்புவதோடு நில்லாமல் அதைப் பிறரிடமும் சொல்கிறான்.

பள்ளி நாட்களில், அம்மா வார இதழிலிருந்து கிழித்துத் தைத்து வைத்திருந்த பக்கங்களில் இதைப் படித்தபோது கந்தமாறன் மீது எனக்குக் கடுங்கோபம் வந்தது. உயிரைக் காத்தவனையே குற்றவாளி என்று சொல்லும் அளவுக்கு ஒருவன் அறிவிழப்பானா என்று அம்மாவிடம் சண்டை பிடித்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்குப் பிறகு, நான் வந்தியத்தேவனின் இடத்தில் நிற்க நேர்ந்தபோதுதான், கல்கி அந்தப் பகுதியை எவ்வளவு கவனமாகக் கட்டியிருக்கிறார் என்பது விளங்கியது. 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் எழுதப்பட்ட ஒரு நீண்ட தொடரில், அந்தச் சுரங்கப் பாதைக்கு வெகு முன்னதாகவே, கடம்பூர் மாளிகையில் நட்பின் விரிசல் தொடங்கிவிடுகிறது. தங்கை மணிமேகலையைப் பற்றி முன்பெல்லாம் ஆசை காட்டிப் பேசிய கந்தமாறன், இப்போது அவளை மறந்துவிடும்படி நண்பனிடம் சொல்கிறான். காரணத்தை முழுதாகச் சொல்வதில்லை. அன்றிரவு நடக்கும் சதியாலோசனையை வந்தியத்தேவன் மறைந்திருந்து கேட்டுவிடுகிறான். அவனும் கேட்டதை நண்பனிடம் வெளிப்படையாகச் சொல்வதில்லை. மறுநாள் இருவரும் ஒன்றாகவே பயணம் செய்கிறார்கள், பேசிக்கொண்டே போகிறார்கள், ஆனால் நெஞ்சில் இருப்பது பேச்சில் வருவதில்லை. முதுகில் குத்தப்பட்டவன் குத்தியவனின் முகத்தைப் பார்ப்பதில்லை. காணாத அந்த முகத்தின் இடத்தில் கந்தமாறன் யாரை வைக்கிறான் என்பதைக் கடம்பூரில் பேசாமல் விட்டவை முடிவு செய்துவிடுகின்றன.

நான் கும்பகோணத்தில் தமிழாசிரியையாக வேலை பார்த்தவள். கல்லூரி விடுதியில் ஒரே அறையில் தங்கிய தோழி ஒருத்தி, திருமணத்துக்குப் பிறகு அதே ஊரில், எங்கள் தெருவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் குடியேறினாள். அவளுடைய கணவரின் வியாபாரம் நொடித்தபோது, மாமியார் அவளுக்குப் போட்ட காசுமாலையை அடகு வைக்க வேண்டியதாயிற்று. கணவரைத் தவிர வீட்டில் யாருக்கும் தெரியாமல் வைத்தாள். வெளியே என்னிடம் மட்டும் சொன்னாள். சில மாதங்களில் மாமியாருக்குச் செய்தி தெரிந்துவிட்டது. வீட்டில் பெரிய பூசல். அவளுக்குத் தெரிந்தவரை விஷயம் அறிந்தவர்கள் மூவர்: அவள், அவளுடைய கணவர், நான். ஆகவே சொன்னது நானாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டாள்.

அந்த முடிவு ஒரே நாளில் வந்ததன்று என்பதை இங்கே சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய ஓராண்டாகவே எங்களுக்குள் பேச்சு குறைந்திருந்தது. அவள் ஊருக்கு வெளியே ஒரு மனை வாங்கியதையும், அதை வேறொரு தோழியோடு சேர்ந்து வாங்கியதையும் கடைத்தெருவில் ஒருவர் சொல்லித்தான் நான் அறிந்தேன். அவள் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதேபோல, நான் தஞ்சாவூருக்கு மாறுதல் கேட்டு விண்ணப்பித்திருந்ததை அவள் பள்ளிக்கூடத்து வட்டாரத்தின் வழியாகத் தெரிந்துகொண்டாள். இவற்றில் எதுவும் துரோகமன்று. இரண்டுமே அவரவர் சொந்தக் காரியம். ஆனாலும் 'இவள் என்னிடம் எல்லாவற்றையும் சொல்வதில்லை' என்ற எண்ணம் இருவர் மனத்திலும் இடம் பிடித்திருந்தது. நகை விஷயம் வெளியானபோது, அந்த எண்ணம் 'இவள் எதையும் செய்யக்கூடியவள்' என்பதாக வளர்ந்துவிட்டது. நட்பில் இப்படிப்பட்ட சிறு செய்திகளை மூன்றாமவர் வாயால் கேட்க நேரும்போது, அடுத்த சந்திப்பிலேயே, குற்றச்சாட்டின் தொனி இல்லாமல், 'மனை வாங்கியிருக்கிறாயாமே, எந்தப் பக்கம்?' என்று கேட்டுவிடுவது நல்லது என்று என் மாணவிகளுக்கும் மகளுக்கும் நான் வற்புறுத்திச் சொல்வது இந்த அனுபவத்தினால்தான். அந்தக் கேள்வி ஒரு வாரத்துக்குள் கேட்கப்பட்டால் விசாரிப்பு; ஓராண்டு கழித்துக் கேட்கப்பட்டால் அது வழக்கு.

சந்தேகம் என் காதுக்கு எட்டியதும் நான் அவள் வீட்டுக்குப் போனேன். எங்கள் இருவருக்கும் பொதுவான தோழி ஒருத்தி, தானே போய்ப் பேசிச் சரிசெய்வதாகச் சொன்னாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நம்பிக்கை குலைந்த நிலையில் நடுவில் ஒருவர் செய்தி சுமந்து போனால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், இரு பக்கமும் சொற்கள் உருமாறியே போய்ச் சேரும். கந்தமாறனும் நண்பனை எதிரில் நிறுத்திக் கேட்கவில்லை. தஞ்சைக் கோட்டையைத் தம் பொறுப்பில் வைத்திருந்த பழுவேட்டரையர் தரப்பின் பேச்சு அவனுக்குப் போதுமானதாக இருந்தது. நான் அவளிடம் சத்தியம் செய்யவில்லை, கற்பூரம் அணைக்கவும் முன்வரவில்லை. எனக்கு என்ன தெரியும், எப்போது தெரிந்தது, யாரிடமும் சொல்லவில்லை என்பதை மட்டும் சொன்னேன். என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அடகு வைத்த ரசீது எங்கே இருக்கிறது, அங்கே கொடுத்த முகவரி எது என்று பார்க்கும்படி கேட்டுக்கொண்டேன். அவள் நம்பவில்லை. நான் திரும்பி வந்துவிட்டேன்.

அதன் பிறகு நான் செய்தது ஒன்றே ஒன்று. பன்னிரண்டாம் வகுப்பில் இருந்த அவளுடைய மகளுக்குச் சனிக்கிழமைகளில் தமிழ்ப் பாடம் சொல்லித் தருவதாக முன்பே வாக்களித்திருந்தேன். அந்தப் பெண்ணிடம், அம்மாவுக்கும் எனக்கும் என்ன நடந்தாலும் சனிக்கிழமை வகுப்பு நிற்காது என்று சொல்லி அனுப்பினேன். தோழி தடுக்கவில்லை. ஆண்டு முழுவதும் அந்தப் பெண் வந்தாள். அவள் அம்மாவைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. பொய்யான சந்தேகத்துக்கு ஆளானவர்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள்: ஓயாமல் தம் பக்க நியாயத்தைச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள், அல்லது 'என்னை நம்பாதவளுக்கு நான் ஏன் செய்ய வேண்டும்' என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்திவிடுவார்கள். முதலாவது சந்தேகத்தைக் கூட்டும். இரண்டாவது, சந்தேகப்பட்டவருக்குத் தாம் நினைத்தது சரிதான் என்ற சான்றைக் கொடுத்துவிடும். சந்தேகத்தோடு தொடர்பில்லாத பழைய கடமையை அப்படியே செய்துகொண்டிருப்பது கடினம். எனக்கும் பல சனிக்கிழமைகள் மனக்கசப்போடுதான் கழிந்தன. ஆனாலும் அதைத் தவிர வேறு எதுவும் பயன்பட்டிருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

உண்மை பின்னால் தானாகவே வெளிவந்தது. நகைக்கடன் தந்த இடத்தில் அவள் கொடுத்திருந்த அடையாள அட்டையில் பழைய முகவரி, அதாவது மாமியார் வீட்டு முகவரி இருந்தது. வட்டி கட்டும்படி வந்த நினைவூட்டுக் கடிதம் நேராக அங்கே போயிருக்கிறது. வேறொரு வாக்குவாதத்தின் நடுவில் மாமியாரே அந்த உறையை எடுத்துக் காட்டியிருக்கிறார். அவள் தொலைபேசியில் அழைத்து, "அந்தக் கடுதாசி வீட்டுக்கே வந்திருக்குடி" என்று மட்டும் சொன்னாள். நான் "சரி, விடு" என்றேன்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று முடித்தால் அது உண்மையாகாது. உண்மை தெரிந்த பிறகு அவள் என்னைச் சந்திப்பதை முன்னைவிடக் கூடுதலாகத் தவிர்த்தாள். தவறாகச் சந்தேகப்பட்டவருக்குத் திரும்பி வரும் வழி, சந்தேகத்துக்கு ஆளானவரின் வழியைக் காட்டிலும் செங்குத்தானது. முன்பு கோபம் தடுத்தது. இப்போது கூச்சம் தடுத்தது. எத்தனையோ நட்புகள் பொய்க் குற்றச்சாட்டினால் முறிவதைவிட, அது பொய் என்று தெரிந்த பிறகு, யார் முதலில் வாசல் மிதிப்பது என்ற தயக்கத்தில்தான் முறிகின்றன. நாங்கள் குடும்பத்தோடு ஒரு திருமணத்துக்காகத் திருநெல்வேலி போக வேண்டியிருந்தது. வீட்டுச் சாவியை அவளிடம் கொடுத்து, மாலையில் விளக்கேற்றிவிட்டு, பின்கட்டில் இருந்த செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும்படி கேட்டேன். பீரோ சாவியும் அதே வளையத்தில் இருந்தது. அதை நான் கழற்றவில்லை. மன்னிப்பைப் பற்றிய பேச்சே எங்களுக்குள் வரவில்லை. ஊரிலிருந்து திரும்பியபோது அவள் சமைத்து வைத்திருந்த இரவுச் சாப்பாட்டை இருவர் வீட்டாரும் சேர்ந்து சாப்பிட்டோம். உடைந்ததைக் கூட்ட நினைப்பவர் உதவி செய்வதைவிட உதவி கேட்பது நன்றாக வேலை செய்கிறது. உதவி பெற்றவர் கடன்பட்டவராக உணர்வார். உதவி கேட்கப்பட்டவர் தாம் இன்னும் நம்பப்படுவதை உணர்வார்.

மௌனத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏனெனில் நம்பிக்கையைக் கெடுப்பது பொய் என்றே நாம் குழந்தைகளுக்குச் சொல்லித் தருகிறோம். என் அனுபவத்தில் பொய்யைவிடச் சொல்லாமல் விட்டதே பெரும்பாலும் கெடுத்திருக்கிறது. புனைகதையில் இதற்கு மிகத் தெளிவான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1926-இல் வெளிவந்த அகதா கிறிஸ்டியின் ரோஜர் அக்ராய்டு கொலை பற்றிய நாவலில், கதையைச் சொல்லும் மருத்துவரே கொலையாளி. துப்பறியும் கதைகளில் கதை சொல்பவரை நம்பியே பழகிய வாசகர்களில் பலர், தாம் ஏமாற்றப்பட்டதாக அப்போது முறையிட்டார்கள். ஆனால் நாவலை மறுபடியும் படித்தால், மருத்துவர் கொலை நடந்த நேரத்தைப் பற்றி ஒரு பொய்யும் எழுதவில்லை என்பது தெரியும். எட்டு மணி நாற்பது நிமிடத்துக்குக் கடிதம் வந்தது என்கிறார். தாம் கிளம்பும்போது மணி எட்டு ஐம்பது, கடிதம் அப்போதும் படிக்கப்படாமலே இருந்தது என்கிறார். நடுவில் உள்ள பத்து நிமிடங்களைப் பற்றி அவர் வாய் திறப்பதில்லை. அந்தப் பத்து நிமிடத்தில்தான் கொலை நடக்கிறது. இதைச் சூழ்ச்சி என்று சொல்வோரும் உண்டு. எழுத்தாளர் வாசகருக்கு நேர்மையாகவே நடந்துகொண்டார் என்பது என் தீர்ப்பு, ஏனெனில் அவர் இடைவெளியை மறைக்கவில்லை, நாம்தான் கவனிக்கவில்லை. ஆனால் வாழ்க்கையில் ஒரு நண்பர் அந்த மருத்துவரைப் போலப் பேசினால், 'நான் பொய் சொல்லவே இல்லையே' என்ற அவருடைய வாதத்தை நான் ஏற்க மாட்டேன். கதையின் ஒப்பந்தம் வேறு, நட்பின் ஒப்பந்தம் வேறு. துப்பறியும் கதையை எடுக்கும் வாசகர் ஏமாறத் தயாராகவே எடுக்கிறார். நண்பரின் பேச்சைக் கேட்பவர் அப்படிக் கேட்பதில்லை.

அப்படியானால் நண்பர்கள் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டியதில்லை. பிறர் நம்பிச் சொன்னதைக் காப்பதும் மௌனம்தான். தன் வீட்டுக் காரியத்தைத் தன்னோடு வைத்துக்கொள்வதும் ஒருவருடைய உரிமை. நான் பயன்படுத்தும் அளவுகோல் இது: நான் சொல்லாமல் விடும் செய்தி தெரிந்திருந்தால், என் நண்பர் இப்போது எடுக்கும் முடிவை வேறு விதமாக எடுப்பாரா? எடுப்பார் என்றால் சொல்லியாக வேண்டும். எங்கள் உறவினர் ஒருவருக்கு அவருடைய நண்பர் கூட்டுறவுச் சங்கக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்டார். கேட்டவர் சொன்ன தொகை உண்மை, காரணம் உண்மை, சம்பளம் உண்மை. ஏற்கெனவே வேறு இரண்டு கடன்கள் தவணை தவறிக் கிடந்ததை மட்டும் அவர் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டவரின் சம்பளத்தில் பிடித்தம் தொடங்கியபோது போனது பணம் மட்டுமன்று. 'கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்' என்று அந்த நண்பர் சொன்ன பதில், இருபது ஆண்டுப் பழக்கத்தை முடித்துவிட்டது. ஜாமீன் போடுபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'இதைத் தவிர வேறு எங்கே கட்ட வேண்டியிருக்கிறது?' என்பதே. அப்படிக் கேட்பது நட்புக்கு இழுக்கு என்று நினைத்துத்தான் பலர் கேட்பதில்லை. கேட்டபின் கையெழுத்து மறுத்தால் வருத்தம் சில மாதம் இருக்கும். கேளாமல் போட்ட கையெழுத்தின் வருத்தம் அப்படிப் போவதில்லை.

இங்கே திருக்குறளில் நான் மிகவும் நம்பிச் சார்ந்திருக்கும் ஒரு குறளைச் சொல்ல வேண்டும். அது நட்பு அதிகாரத்தில் இல்லை. ஒருவரை வேலைக்குத் தேர்ந்தெடுப்பதைப் பற்றிய 'தெரிந்து தெளிதல்' அதிகாரத்தில், 509-ஆம் குறளாக இருக்கிறது. 'தேறற்க யாரையும் தேராது தேர்ந்தபின் தேறுக தேறும் பொருள்.' ஆராயாமல் எவரையும் நம்பாதே. ஆராய்ந்தபின் எந்தக் காரியத்துக்கு அவர் தகுந்தவர் என்று தெளிந்தாயோ, அந்தக் காரியத்தில் அவரை நம்பு. முழு மனிதரையும் ஒரே மூட்டையாக நம்பவோ ஒரே மூட்டையாகத் தள்ளவோ வள்ளுவர் சொல்லவில்லை. என் தந்தையார் மருத்துவமனையில் கிடந்தபோது இரவுக் காவலுக்குத் தாமாகவே வந்து, நாற்காலியில் உட்கார்ந்தபடி விழித்திருந்த குடும்ப நண்பர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கைமாற்றாகக் கொடுத்த பணம் எவருக்கும் உரிய நாளில் திரும்பி வந்ததில்லை. அவரை நல்லவர் என்பதா, நம்பத் தகாதவர் என்பதா என்று என் தம்பி பல காலம் வாதிட்டுக்கொண்டிருந்தான். அவருக்கு நாங்கள் கடன் கொடுப்பதில்லை. முடிந்தபோது திரும்ப எதிர்பாராமல் கொடுப்போம், முடியாதபோது இல்லையென்று சொல்வோம். நள்ளிரவில் மருத்துவமனைக்கு ஓட வேண்டியிருந்தால் முதலில் அழைப்பது அவரைத்தான்.

கதை எழுதுவோருக்கும் இந்தக் குறள் உதவும். நூலகக் கிளை ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நாங்கள் ஒரு வாசகர் வட்டம் நடத்துகிறோம். இளைஞர்கள் தாங்கள் எழுதிய கதைகளைக் கொண்டு வந்து படிப்பார்கள். நண்பனின் துரோகத்தைப் பற்றிய கதை அடிக்கடி வரும். பெரும்பாலும் துரோகம் நடக்கும் பக்கம் நன்றாக எழுதப்பட்டிருக்கும். ஆனால் அது படிப்பவரை வருத்தாது. காரணம், அந்த நண்பனை நாம் நம்பத் தொடங்கும் முன்பே அவன் கெட்டவனாகிவிடுகிறான். 'அவர்கள் உயிர் நண்பர்கள்' என்று எழுதிவிட்டால் வாசகர் நம்பிவிடுவார் என்று எழுதுபவர் எண்ணுகிறார். வில்லிபுத்தூரார் தமிழில் பாடிய வில்லிபாரதத்தில் குந்தி தன்னைத் தாய் என்று வெளிப்படுத்திப் பாண்டவரிடம் வந்துவிடும்படி அழைக்கும்போது, கர்ணன் துரியோதனனை ஏன் விட்டு வர முடியாது என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறான். கர்ணனோடு தனியிடத்தில் இருந்த துரியோதனன் மனைவியின் மேகலை அறுந்து மணிகள் சிதறியபோது, அங்கே வந்த துரியோதனன், 'எடுக்கவோ கோக்கவோ' என்று கேட்டான் என்பது அது. வியாச பாரதத்தில் இல்லாத காட்சி இது. அங்க நாட்டு முடியைக் கொடுத்தது பெரிய கொடைதான். ஆனால் சந்தேகப்பட எல்லா இடமும் இருந்த ஒரு கணத்தில் சந்தேகப்படாமல் இருந்ததைச் சொன்ன பிறகு, செஞ்சோற்றுக் கடனுக்கு வேறு விளக்கம் தேவைப்படுவதில்லை. வில்லிபுத்தூரார் அந்தக் காட்சியைக் கர்ணனுக்கு மிகக் கடினமான முடிவு வரும் இடத்தில் அவன் வாயாலேயே சொல்ல வைத்திருக்கிறார். இளைஞர்களிடம் நான் கேட்பது இதைத்தான்: உங்கள் கதையில் அந்த நண்பன் எந்தக் காரியத்தில் நம்பத் தகுந்தவனாக இருந்தான்? அதைக் காட்டும் ஒரு சிறு செயல், துரோகத்துக்கு வெகு முன்னதாக, அதற்குச் சம்பந்தமில்லாததுபோல வர வேண்டும்.

எங்கள் வட்டத்தில் நட்பும் கதையும் ஒன்றோடொன்று மோதிக்கொண்ட ஒரு நிகழ்ச்சி உண்டு. இன்றும் அது என்னை வருத்துகிறது. வட்டத்துக்கு வரும் இருவர் நெருங்கிய நண்பர்கள். ஒருவருடைய தந்தை பாத்திரக் கடை வைத்திருந்து கடனில் மூழ்கியவர். சரக்கெல்லாம் போன பிறகும் அவர் தினமும் காலையில் போய்ப் பூட்டைத் திறப்பார். வாசலில் தண்ணீர் தெளிப்பார். வெறும் பலகைகளைத் துடைத்துவிட்டு, கல்லாப் பெட்டியின் முன்னால் சிறிது நேரம் உட்கார்ந்திருந்து, மறுபடியும் பூட்டிக்கொண்டு வருவார். மகன் இதை ஓர் இரவு நண்பரிடம் சொல்லி அழுதிருக்கிறார். நண்பர் அதைக் கதையாக எழுதினார். ஊரைக் கரூர் ஆக்கினார், பாத்திரக் கடையை ஜவுளிக் கடை ஆக்கினார், மகனை மகள் ஆக்கினார். கதை ஒரு சிற்றிதழில் வந்தது. மிக நல்ல கதை. அந்தத் தந்தையின் மீது அவருக்கு இருந்த மரியாதை ஒவ்வொரு வரியிலும் தெரிந்தது.

ஆனால் வெறுங்கடையைத் தினமும் திறந்து மூடுகிறவர் அந்தத் தெருவில் ஒருவர்தான். பெயரும் ஊரும் மாறியிருந்தும் படித்தவர்கள் அடையாளம் கண்டுகொண்டார்கள். யாரோ அதைத் தந்தையிடமே சொல்லிவிட்டார்கள். அவர் அதன் பிறகு கடையைத் திறக்கப் போகவில்லை. தாம் செய்வதை யாரும் கவனிக்கவில்லை என்று அவர் எண்ணியிருந்திருக்கிறார். அந்த ஒரு மறைவும் கதையால் போய்விட்டது.

எழுதியவர் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. எல்லாவற்றையும் மாற்றிவிட்டேனே என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் மாற்றாமல் விட்டது ஒன்றை மட்டும். அதுதான் கதையின் உயிர். ஒருவரைக் காட்டிக்கொடுப்பது அவருடைய பெயரோ ஊரோ அன்று. அவர் மட்டுமே செய்யக்கூடிய ஒரு செயலும், அவர் வாயில் மட்டுமே வரும் ஒரு சொல்லுமே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். எழுத்தாளரின் கண் முதலில் போய் நிற்பதும் அங்கேதான். எனவே பெயரை மாற்றினால் போதும் என்பது எழுதுவோர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் சமாதானம். வாழ்வில் கேட்டதெல்லாம் எழுத்தாளருக்குச் சொந்தம் என்று வாதிடும் நண்பர்கள் எங்கள் வட்டத்திலேயே இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அழுதுகொண்டே சொல்லப்பட்ட ஒன்று, சொன்னவர் அனுமதி தரும்வரை, அவருடையதே. அந்த விவரம் இல்லாமல் கதை நிற்காது என்றால் அந்தக் கதையை விட்டுவிட வேண்டும்.

அதன் விளைவு அந்த இருவரோடு நிற்கவில்லை. அடுத்து வந்த பல மாதங்களில் வட்டத்தில் எவரும் தம் வீட்டைப் பற்றி எதுவும் பேசவில்லை. கதை எழுதாதவர்கள்கூடச் சந்தேகத்துக்கு ஆளானார்கள். காட்டுமன்னார்கோவில் பக்கத்தில் உடையார்குடிக் கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. இராசராசனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் சொத்துகளைப் பறிமுதல் செய்ததைப் பற்றியது அது. அவர்களில் இரவிதாசன் முதலானோர் பிரமாதிராயன் என்ற அரச பட்டம் பெற்ற அதிகாரிகள். அவர்களோடு உடன்பிறந்தார், மக்கள், மாமன்மார், மருமக்கள் என்று சுற்றத்தார் உடைமைகளும் அந்த ஆணையில் அடங்கின. மாணவிகளை அங்கே அழைத்துச் சென்றபோது அந்த உறவுப் பட்டியலை நான் வரலாற்றுச் செய்தியாக மட்டுமே விளக்கினேன். நம்பிக்கை ஓர் இடத்தில் உடைந்தால் ஐயம் சுற்றியிருப்பவர் எல்லார் மீதும் படியும் என்பதை எங்கள் சிறிய வட்டத்தில் கண்ட பிறகு, அந்தப் பட்டியல் வேறு விதமாகத் தெரிகிறது.

இப்போது எங்கள் வட்டத்தில் ஒரு நடைமுறை வைத்திருக்கிறோம். நண்பரிடம் கேட்டதை வைத்து எவரேனும் எழுதினால், இதழுக்கு அனுப்பும் முன்பு அல்ல, வட்டத்தில் படிக்கும் முன்பே, முதல் பிரதியை அந்த நண்பரிடம் கொடுக்க வேண்டும். இதழ் ஏற்றுக்கொண்ட பிறகு காட்டினால், மறுப்பது அவருக்குச் சங்கடமாகிவிடும். கட்டாயத்தில் கிடைத்த சம்மதம் சம்மதமாகாது. மறுத்தால் காரணம் கேட்கக் கூடாது. சம்மதம் தந்தவர் அச்சாகும்வரை எப்போது வேண்டுமானாலும் அதைத் திரும்பப் பெறலாம். வட்டத்தில் ஒருவர் தன் சொந்த வாழ்வைப் பற்றிப் பேசத் தொடங்கும்போது, 'இது எழுதுவதற்கு அன்று' என்று சொல்லிவிட்டுத் தொடங்கலாம். அப்படிச் சொல்லாவிட்டாலும் அதுவே பொருள் என்று எடுத்துக்கொள்கிறோம். இந்த நடைமுறையால் இரண்டு நல்ல கதைகள் அச்சேறாமல் போயின. சிலர் மறுபடியும் மனம் விட்டுப் பேசத் தொடங்கியிருக்கிறார்கள்.

அந்த இரு நண்பர்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. எழுதியவர் நேரில் போய் மன்னிப்புக் கேட்டார். மற்றவர் கேட்டுக்கொண்டார், சண்டையிடவில்லை, ஆனால் அவருடன் தனியாகப் பேசுவதில்லை. என் தோழிக்கும் எனக்கும் நடந்ததை எடுத்துக் காட்டி அவர்களைச் சேர்த்து வைக்கும்படி சிலர் என்னிடம் சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. எங்கள் இருவருக்கும் இடையில் இருந்தது நடக்காத ஒன்றைப் பற்றிய சந்தேகம். உண்மை தெரிந்ததும் அது விலகக்கூடியது. அவர்களுக்கு இடையில் இருப்பது நடந்த ஒன்று. அதை மன்னிப்பதா வேண்டாமா, எப்போது மன்னிப்பது என்பதெல்லாம் இழந்தவர் முடிவு செய்ய வேண்டியவை. வட்டத்தை நடத்துகிறவள் என்ற முறையில் அவரை விரைவுபடுத்த எனக்கு உரிமை இல்லை. இருவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார்கள். எழுதியவர் படிக்கும் முறை வரும்போது மற்றவர் எழுந்து வெளியே போவதில்லை. கேட்கிறார், கருத்துச் சொல்வதில்லை. நானும் அவரிடம் கருத்துக் கேட்காமல் அடுத்தவரிடம் போய்விடுகிறேன்.